அடுப்பருகே வியர்த்த துப்பாக்கிகள்

சோடான்குலா ராணுவச் சோதனை முகாம்,
பிப்ரவரி

அர்தோவுக்கு,

உங்கள் முதுகுவலி தேவலையா? நம் பையன் ஈலிஸ் நேரத்துக்குச் சாப்பிடுகிறானா? இங்கே பனி கடுமை, எனக்கு ஒன்றுமில்லை.

நேற்று ஒரு வேடிக்கை. ராணுவத்தின் பழைய அரைத் தானியங்கித் துப்பாக்கியும் உங்கள் கம்பெனியின் புதியதும் குளிர்ச் சோதனைக்காக இரவு முழுக்க வெளியே கிடக்க வேண்டியவை. உங்கள் ஆள் யார்க்கோ இரண்டையும் உள்ளே அடுப்பருகே வைத்துவிட்டார். சூட்டில் இரும்பு வியர்த்தது. காலையில் வெளியே எடுத்ததும் அந்த ஈரம் உறைந்துவிட்டது. பழையது கனம், குறியும் சுமார். ஆனால் பாகங்கள் தளர்வு என்பதால், குண்டேற்றும் கைப்பிடியை ஓர் உதை விட்டதும் சுட்டது. உங்களுடையது அழகாக, இறுக்கமாக, அசையாமல் கிடந்தது.

"மேடம், இதைக் கணக்குல சேர்க்காதீங்க. தப்பு என்னோடது, துப்பாக்கி என்ன பண்ணும்?" என்றார் யார்க்கோ.

"குளிர்ல நடுங்குற சிப்பாய் அடுப்புப் பக்கம் வரமாட்டானா?"

"வீட்ல சார்கிட்டயும் இப்படித்தானா?"

"வீட்ல இன்னும் மோசம்."

மாலையில் நீங்கள் என் மேலதிகாரிக்குப் போன் செய்து, நான் களைத்திருப்பதாகவும் அந்தச் சோதனையை விட்டுவிடலாம் என்றும் சொன்னீர்களாம். நான் களைக்கவில்லை. அறிக்கையில் எழுதிவிட்டேன்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, கறுப்பு ரொட்டி, சமையலறை ரேடியோ அனுப்புங்கள். அறை மிகவும் அமைதியாக இருக்கிறது.

ஜூலையில் ஈலிஸ் ராணுவப் பயிற்சிக்குப் போகிறான். ராணுவம் உங்களுடையதை வாங்கினால் அவன் தோளில் தொங்கப்போவது அதுதான். அறிக்கையைத் திருத்த வேண்டுமென்றால் அவனிடம் கேளுங்கள். அவன் சரி என்றால் திருத்துகிறேன்.

தபால் வண்டி வந்துவிட்டது.

விர்பி