மின்ஷவரும் நான் பறந்ததும்

ஜாந்திரா,

நேற்று நம் வெந்நீர் மின்ஷவர் ஷாக் அடித்து என்னை அடுப்படிவரை தூக்கி எறிந்தது. பறக்கும்போதே சட்டையும் போட்டுக்கொண்டேன்.

குளியலறைகளுக்கெல்லாம் எர்த் கம்பி போட வேண்டுமென்று மாநகராட்சி புதிதாக விதித்திருக்கிறதல்லவா, அதற்காக நம் கட்டடத்தில் குடியிருப்போர் கூடிய கூட்டத்தில் இதைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நீதான் அங்கே இல்லை, வேலைக்குப் போயிருந்தாய். கட்டட நிர்வாகி ஜெனேசியோ மட்டும், "கதை விடாதீங்க ஒசோரியோ, கம்பியெல்லாம் வெட்டிச் செலவு" என்றார்.

கறுப்பு பீன்ஸ் பானையில் இருக்கிறது. ரப்பர் செருப்போடு குளி. இரவுப் பணி முடிந்து வந்ததும் படுத்துவிடாதே. சதுக்கத்தில் டோமினோ ஆடிக்கொண்டிருப்பேன், வந்து கூப்பிடு. ஒரு வேளையாவது சேர்ந்து சாப்பிடலாம்.

அப்பா

சொல்ல மறந்தேன்: கூட்டம் முடிந்ததும் ஜெனேசியோ நம் வீட்டுக்கு வந்து, ஷவரைப் போட்டு, வெறுங்காலோடு குழாயைத் தொட்டார். விழுந்த இடத்தில் தரையில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "கம்பி போட்டுடலாம் ஒசோரியோ. நீங்க பறந்தது நெஜந்தான்."