மூன்றாம் ஓலை

மாரிகுப்பம்,
1901 ஜூலை 22, திங்கட்கிழமை.

சர்வேசுரனுக்குத் தோத்திரம்.

ஹூப்ளியில் இருக்கும் ஐடாவுக்கு மரியகுழந்தையம்மாள் எழுதுவது.

நேற்றுப் பூசையிலிருந்து என்னைத் துரத்திவிட்டார்கள் என்று உன் தங்கை டெய்சி உனக்கு எழுதியிருக்கிறாள். இன்று காலை கிணற்றடியில் அவளே பத்துப் பேர் கேட்கச் சொன்னாள். அது தவறு. என்னை யாரும் துரத்தவில்லை. பீடத்துக் கிராதியில் சுவாமியார் கொடுக்கும் நன்மை அப்பம் எனக்கு மறுக்கப்படவும் இல்லை. நான் எழுந்து போய் வாங்கவில்லை, அவ்வளவுதான். கடைசி ஆசீர்வாதம் முடியும்வரை என் இடத்தில் முழங்காலில் இருந்து, குடையை எடுத்துக்கொண்டு, எப்போதும் போகும் வாசல் வழியாகத்தான் வெளியே வந்தேன். டெய்சிக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவள் நான். இதற்காகச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் கடிதமும் இதுவும் ஒரே ரயிலில்தான் வந்து சேரும். எதை நம்புவது என்று நீயே பார்த்துக்கொள்.

என் மகன் போன பிறகு, நீ இந்த ஊரைவிட்டுப் போன பிறகு, ஐந்து வருஷமாக நான் உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன்.

இந்த வருஷம் மாதா திருநாளுக்கு இங்கிருந்து இருபத்து மூன்று பேர் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறார்கள். ஆகஸ்டு பன்னிரண்டாம் தேதி விடியற்காலம் புறப்பாடு. சுரங்கத்தில் கூண்டு இறக்க மணி அடிக்கிறானே, அந்த மாணிக்கராஜ்தான் தலைவன். அவன் போட்டுக் கொண்டுவந்த திட்டத்தைப் பார்த்தேன். பேத்தமங்கலம், குடியாத்தம், வேலூர் வரை சரி. ஆரணி தாண்டியதும் நாளொன்றுக்கு இருபது மைல் என்று போட்டிருந்தான். கொள்ளிடத்தைக் கடக்க ஒரு நாள்கூட ஒதுக்கவில்லை. ஆவணியில் அங்கே தண்ணீர் எப்படிப் போகும் தெரியுமா என்று கேட்டேன். "மாதா பாத்துக்குவாங்கம்மா" என்றான். மாதாவுக்கு ஓடம் தள்ளுகிற வேலையும் கொடுத்துவிட்டாயா என்று கேட்டு, இரண்டு நாள் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். அரிசி, அவல், வெல்லம், காலுக்குத் தடவ விளக்கெண்ணெய் எல்லாம் ஒரே மாட்டுவண்டியில் வருகிறது. வயசானவர்கள் அதில் ஏறிக்கொள்ளலாம் என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னான். நேர்ந்துகொண்டது நான், மாடு இல்லை என்றேன்.

ரயில் இருக்கும்போது அறுபத்தாறு வயசில் இவள் ஏன் நடக்கிறாள் என்றும் பேசுகிறார்கள். கீழே பாறை சரிந்து ஜெயகரனை ஆஸ்பத்திரியில் போட்டிருந்த இரண்டு நாளும் நான் வேண்டிக்கொண்டது அதுதான்: என் மகன் பிழைத்தால் நடந்தே வருகிறேன். பிழைக்கவில்லை. ஆகவே போகவில்லை. இப்போது யோசித்தால் அது கடைக்காரன் பேரம். கன்னியர் மடத்தில் எனக்கு அப்படியா ஜெபிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள்? தந்தால்தான் வருவேன் என்று சொன்னதற்காகவாவது நடந்தாக வேண்டும். இடது முழங்கால் அடுத்த வருஷம் சம்மதிக்குமா என்பது நிச்சயமில்லை.

பயணம் போகிறவர்களின் பெயரை, கலியாண ஓலை வாசிப்பதுபோல, மூன்று ஞாயிறு பூசையில் வாசிக்கிற வழக்கம் நீ போன பிறகு இங்கே வந்தது. உபதேசியார் கிளாரன்ஸ் பெயர்களை வாசித்துவிட்டு, இவர்கள்மேல் மனத்தாங்கல் உள்ளவர்கள் எழுந்து சொல்லலாம் என்பார். சண்டையை மடியில் கட்டிக்கொண்டு மாதாவிடம் போகக் கூடாது என்பதற்காக. வழக்கமாக என்ன வரும்? என் கோழியைக் கல்லால் அடித்தான், என் உரலைத் திருப்பித் தரவில்லை. எல்லோரும் சிரிப்பார்கள். வெளியே வந்து ராஜியாகி, மனத்தாங்கல்பட்டவரே தன் கையால் அந்தப் பயணிக்குச் செபமாலை போட்டுவிடுவார். அவர் வெளியூரில் இருந்தால் அவர் கைப்பட எழுதிய கடிதம் வர வேண்டும். அது வராமல் பயணிகளோடு சேர்ந்து நடக்கக் கூடாது. இந்தச் சட்டங்களை எழுதிக் கொடுத்தவள் நான். பூசை உடுப்பு வைக்கும் அறையின் கதவில் என் கையெழுத்திலேயே ஒட்டியிருக்கிறது.

நேற்று முதல் வாசிப்பு. பயணிகளை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். என் பெயர் வந்ததும் உன் அம்மா தாயம்மா எழுந்தாள். நான் அவளிடம் உரல் வாங்கியதில்லை. அவள் கோழியையும் தொட்டதில்லை.

"எனக்கு ஒண்ணுமில்ல சாமி. எம் பொண்ணுக்குத்தான் கீது. அஞ்சு வருஷமா அவ நன்மை வாங்காம கீறா. இந்தம்மா மட்டும் மெழுகுவத்தி புடிச்சிக்கினு மாதா கிட்ட போவாங்களா? இன்னா ஞாயம் இது?" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. கிளாரன்ஸ் என்னைப் பார்த்தார். பிறகு அந்தக் கதவைப் பார்த்தார். தாளைக் கொண்டுவந்து வாசிக்கவேண்டிய அவசியம் இல்லை, எனக்கு மனப்பாடம். வாசலில் என்னைத் தாண்டிப் போகும்போது, "இன்னா சம்பந்தி, நீங்க எழுதன சட்டம்தானே, உங்களுக்கே குத்துதா?" என்று உன் அம்மா வேறு கேட்டாள். ஐந்து வருஷம் கழித்து என்னைச் சம்பந்தி என்று கூப்பிட்டது இதற்காக.

நான் செய்தது உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். உனக்கும் பர்னபாசுக்கும் ஓலை வாசித்த மூன்று ஞாயிறும் நான் என் இடத்தில்தான் இருந்தேன். "காலஞ்சென்ற ஜெயகரனின் விதவை ஐடா" என்று வாசித்தார்கள். பதின்மூன்று மாசம்தான் ஆகியிருந்தது. அதற்குள் இந்த லயன் வீடுகளில் என் மகன் பெயரை யாரும் வாயில் எடுப்பதே நின்றுபோயிருந்தது. எடுத்தபோது, உன்னை இன்னொருவனுக்குக் கொடுப்பதற்காக எடுத்தார்கள். இரண்டு ஞாயிறு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் ஓலை முடிந்து, தடை ஏதாவது உண்டா என்று கேட்டபோது எழுந்துவிட்டேன். சாகும் தறுவாயில் ஜெயகரன் கேட்க, இனிக் கலியாணம் செய்துகொள்வதில்லை என்று சிலுவையில் பாடுபட்ட சுரூபத்தின்மேல் நீ சத்தியம் செய்தாய் என்று சொன்னேன்.

நீ இல்லை என்றாய். உன்னை ஒருவரும் நம்பவில்லை. கன்னியர் மடத்தில் படித்தவள் கோவிலுக்குள் நின்று பொய் சொல்வாளா? சுவாமியார் விசாரிக்க வேண்டும் என்று கலியாணத்தை நிறுத்திவைத்தார். நீ விசாரணைக்கு நிற்காமல் பர்னபாசோடு ரயிலேறிப் போய், வேறு சபைக் கோவிலில் தாலி கட்டிக்கொண்டாய். அதைச் சரி என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் உன்னை அந்த ரயிலில் ஏற்றியது நான்.

நீ எந்தச் சத்தியமும் செய்யவில்லை. அது உனக்குத் தெரிந்ததுதான். உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. இரண்டாம் நாள் காலை நீ கஞ்சி கொண்டுவர வீட்டுக்குப் போயிருந்தாய். அவன் கண்ணைத் திறந்து உன்னைத் தேடினான். இப்போது வந்துவிடுவாள் என்றேன். "ஐடாவ தனியா உட்டுடாதம்மா. சின்னப் பொண்ணு. நல்லவனா பாத்து நீயே கட்டிக் குடு" என்றான். அவ்வளவுதான் பேசினான். நீ கஞ்சித் தூக்கோடு வருவதற்குள் போய்விட்டான்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா தனியாக இருப்பாளே என்று அவனுக்குத் தோன்றவில்லை. அவன் சொன்னதை ஆறு வருஷத்துக்குமேல் ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். அது உனக்குச் சேர வேண்டியது. அனுப்பிவிட்டேன்.

நேற்று மாலை பாவசங்கீர்த்தனம் செய்தேன். இது காதில் சொன்னதோடு தீராது, ஊர் கேட்கச் சொன்னதை ஊர் கேட்கவே திருப்பிச் சொல்ல வேண்டும் என்றார் சுவாமியார். ஆகஸ்டு பதினொன்று, வழியனுப்புப் பூசையில் எழுந்து நின்று சொல்வேன். உன் பதில் வந்தாலும் சொல்வேன், வராவிட்டாலும் சொல்வேன். அதன்பின் உங்கள் கலியாணத்தை முறைப்படி மந்திரித்து வைக்கத் தடை ஒன்றும் இல்லை, அங்கே இருக்கும் சுவாமியாருக்கு நானே எழுதுகிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். அது என் பயணத்துக்காகச் செய்வதல்ல. நான் போகாவிட்டாலும் நடக்கும்.

என்மேல் மனத்தாங்கல் இல்லை என்று நீ எழுத வேண்டும் எனக் கேட்கவில்லை. "சும்மா ரெண்டு வரி வாங்கிக் குடுத்துடுங்கம்மா, முடிஞ்சிது" என்று மாணிக்கராஜ் யோசனை சொல்கிறான். சும்மா எழுதிய வரி எனக்கு வேண்டாம். மனத்தாங்கல் இருந்தால் இருக்கிறது என்றே எழுது. எதுவானாலும் பிரிக்காமல் கிளாரன்ஸ் கையில் கொடுப்பேன், அவர் எல்லோர் முன்னாலும் வாசிப்பார். போகக் கூடாது என்றிருந்தால், மற்ற இருபத்திரண்டு பேருடைய மூட்டைகளையும் சரிபார்த்து வண்டியில் ஏற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்புவேன். நான் போட்டுக்கொண்டு நடக்க நினைத்த ஜெயகரனின் செபமாலை ஆணியிலேயே தொங்கும். சுரங்கத்துக்குள் இறங்கும்போது அவன் கழற்றி மாட்டிய ஆணிதான்.

பர்னபாசுக்கு ஜுரம் என்று உன் அம்மா யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. மழைக்காலத்தில் வேலை முடிந்ததும் ஈரத் துணியோடு நிற்க வேண்டாம் என்று சொல். உறையின்மேல் "பர்னபாஸ் அவர்கள் மனைவி ஐடா" என்று விலாசம் எழுதியிருக்கிறேன்.

ஆரோக்கிய மாதா உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும்.

அங்கிருந்து தபால் வர மூன்று நாள் ஆகிறது. ஆகஸ்டு பத்தாம் தேதி சனிக்கிழமைக்குள் உன் கைப்பட எழுதிய பதில் எனக்கு வர வேண்டும். எழுது.

இப்படிக்கு,
ஜெயகரன் தாயார்,
மரியகுழந்தையம்மாள்.