கடைசிக் காட்சியில் செத்தவன் எழுதும் விமர்சனம்

கள்ளக்குறிச்சி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள பகலவனுக்கு,

தௌசிப் எழுதுகிறேன். நான் உயிரோடு, நலமாக இருக்கிறேன். இதை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணிக்குப் பாண்டிச்சேரியில், ஐம்பது பேருக்கு நடுவில் உட்கார்ந்து, உன் படத்தில் நான் செத்துப்போனதை நானே பார்த்தேன். இரண்டு நாளாகியும் அதிர்ச்சி போகவில்லை. நேற்று கடையில் ஒருவர் நாலு மீட்டர் துணி கேட்டதற்கு மூன்று வெட்டிக் கொடுத்தேன். போனில் பேசினால் கத்திவிடுவேன், கடையில் ஆட்கள் இருக்கிறார்கள். எந்தப் படம் பார்த்தாலும் உனக்கு இரண்டு பக்கம் எழுதிப் போடுவது நம் பழைய வழக்கம்தானே. இதையும் அப்படியே வைத்துக்கொள்.

நம்மைப் போன்ற ஆண்களைப் பற்றி வரும் படங்களைத் திட்டி உனக்கு எவ்வளவு எழுதியிருக்கிறேன். போன வருஷம் பார்த்த ஆறில், மூன்று படங்களில் ஒருவன் செத்துப்போகிறான். ஒன்றில் இரண்டு பேரும் விமானம் ஏறிவிடுகிறார்கள். இன்னொன்றில் கண்ணாடி வைத்த வீட்டில் ஒயின் குடித்துக்கொண்டு படம் முழுக்க மழையையே பார்க்கிறார்கள். ஒருத்தனுக்கும் வேலைவெட்டி கிடையாது. நேற்று காதலித்துவிட்டு இன்று ஒன்பது மணிக்கு ஷட்டரைத் தூக்கி லுங்கி விற்கிறவனை எவனாவது காட்டினானா? எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. பெயர் தெரியாத யாரோ சொந்தக்காசில் எடுத்த படம். இரண்டு வயசானவர்கள் குழம்பில் உப்பு கம்மி, ஜாஸ்தி என்று சண்டை போட்டுவிட்டுத் தூங்கப் போகிறார்கள். அவ்வளவுதான் கதை. அதற்கு நான் அழுத அழுகை உனக்குத் தெரியும். நீ அப்படி ஒரு படம் எடுப்பாய் என்று நம்பித்தான் முஹ்சினாவையும் கூட்டிக்கொண்டு போனேன். என் தங்கை அதற்கென்று புதுச் சுடிதார் போட்டுக்கொண்டாள். பகலவன் அண்ணன் படம் என்று அவளுக்கு அத்தனை பெருமை.

முதல் பாதி நன்றாக இருந்தது. கல்வராயன் மலையை யாரும் இவ்வளவு பொறுமையாக எடுத்ததில்லை. அப்புறம் வெள்ளிமலை பஸ் வந்தது. துணிக்கடைக்காரன் ஏறி உட்கார்ந்து பக்கத்துச் சீட்டில் துண்டைப் போடுகிறான். கூட்டம் ஏறுகிறது. கடைசியில் ஒருவன் ஏறி, முன்பின் தெரியாதவன் மாதிரி, "யாருனா வராங்களாங்க?" என்று கேட்கிறான். இவன் "இல்லீங்க, உக்காருங்க" என்று துண்டை எடுத்துக்கொள்கிறான். அது நம் கதை. ஆறு வருஷம் ஒவ்வொரு ஞாயிறும் நாம் செய்தது. மலை ஏறும் இரண்டு மணி நேரமும் தோள் உரச உட்கார்ந்து, யாரோ எவரோ போல நடித்தோமே. உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்ததைத் திரையில் போட்டுவிட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

துண்டு எங்கள் கடைத் துண்டு. போதாததற்கு அவன் வாடிக்கையாளரிடம், நான் தினமும் சொல்கிற மாதிரியே, "சாயம் போனா நேரா எங்கிட்டயே எடுத்துக்கினு வாங்க" என்கிறான். முஹ்சினா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கொண்டை ஊசி வளைவு வந்தது. அவன் தடுப்புச் சுவரில் ஏறி நின்றான். அடுத்த காட்சியில் சுவர் மட்டும் இருந்தது. எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். என் தங்கை என் மணிக்கட்டைப் பிடித்தவள் உளுந்தூர்பேட்டை வரும்வரை விடவில்லை.

எலவனாசூர்கோட்டையில் உன் அம்மா கொளஞ்சியம்மாள் வீட்டுப் பக்கம் பஸ் நின்றபோதுதான் வாய் திறந்தாள். "அண்ணே, நீ யாரோட வேணா இரு. எனக்கு முன்னாடியே தெரியும். ஆனா அந்தப் படத்துல மாதிரி எதுனா மனசுல வச்சிக்கினு இருக்கியா? இன்னா இருந்தாலும் சொல்லு" என்றாள். இருபது வருஷம் நான் பயந்த பேச்சு இரண்டு வரியில் முடிந்துவிட்டது. சந்தோஷப்படக்கூட விடவில்லை நீ. ஞாயிறிலிருந்து மணிக்கொரு தரம் கடைக்குப் போன் செய்கிறாள். நான் மாடிக்குப் போனால் பின்னாலேயே வருகிறாள். சாப்பிடுவதில்லை. அது கதை என்று சொன்னேன். "மத்ததெல்லாம் நெஜம்னா அது மட்டும் எப்படிண்ணே கதை?" என்று கேட்கிறாள்.

இந்த இடம் வரை கோபத்தில்தான் எழுதினேன். இன்னும் ஒரு பக்கம் திட்டி எழுத நினைத்தேன். அப்போது அந்தக் கடைசிக் காட்சி திரும்ப மனசில் ஓடியது. சுவரில் நிற்பவன் சட்டையில் மேல் பட்டன் இல்லை.

பகலவா, அந்தச் சட்டை என்னுடையதா? உனக்குப் பெண் பார்த்த அந்த மாதம் அந்தச் சுவரில் ஏறி நின்றது நானா, நீயா? உன் காலரைப் பிடித்து நான் இழுத்தேனே, உன் சட்டைப் பட்டன் தெறித்து என் கன்னத்தில் பட்டதே. இனி அந்தச் சுவரில் ஏற மாட்டேன் என்று அன்று நீ சத்தியம் செய்தாய். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாம் பேசவே இல்லை. நான்கு வருஷம் கழித்து நீ என் தொழிலையும் என் பேச்சையும் ஒருவனுக்குப் போட்டு, அதே சுவரில் ஏற்றியிருக்கிறாய். உன் படத்தில் இழுப்பதற்கு ஆள் இல்லை. ஏன் இல்லை? எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. முஹ்சினா என்னைப் பார்த்துப் பயப்படுகிறாள், நான் உன்னை நினைத்துப் பயப்படுகிறேன்.

படத்தை மாற்று என்று கேட்க மாட்டேன். அது உன் தொழில். இரண்டே காரியம் செய். கடிதம் கிடைத்ததும் முஹ்சினாவுக்குப் போன் போட்டு, சுவரில் நின்றது அவள் அண்ணன் இல்லை என்று உன் வாயால் சொல். அவள் சாப்பிடட்டும். அப்புறம் ஊருக்கு வா. வரும் ஞாயிறு காலை வெள்ளிமலை பஸ்ஸில் துண்டு போட்டு வைக்கிறேன். வரவில்லையென்றால் அடுத்த ஞாயிறும் போடுவேன். அல்லா உனக்கு நீண்ட ஆயுசு கொடுக்கட்டும். பஸ் ஏறியதும் யாராவது வருகிறார்களா என்று கேட்காதே. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு.

இப்படிக்கு,
அன்று உன் காலரைப் பிடித்த கையால்,
தௌசிப்