ரௌடியும் குட்டியும் ஒரு டீ கப்பும்

மார்ச் 3, செவ்வாய்

மகள் ஹாஸ்டலுக்குப் போய் ஐந்து நாள். விட்டுப்போன தொட்டியில் இரண்டு மீன்கள்: கறுப்புக் கோடு போட்ட ரௌடி, விரல் நீளத்தில் மஞ்சள் குட்டி. ரௌடி குட்டியை மூலைக்கு மூலை விரட்டுகிறது. இன்று குட்டியின் வால் கிழிந்திருந்தது. "நான் லீவுக்கு வர்ற வரைக்கும் குட்டி பத்திரம்மா" என்று சொல்லிப் போனாள். 28ஆம் தேதி வருகிறாள். நான் "ம்" என்றேன். ஏன் "ம்" என்றேன்?

மார்ச் 5

மீன் கடைக்காரர், "ஒளிஞ்சுக்க இடம் குடுங்க மேடம், சரியாயிடும்" என்று ஒரு பிளாஸ்டிக் கோட்டையைக் காட்டினார். உள்ளே மண்டையோடு. அதைப் பார்த்தால் எனக்கே உள்ளே போகத் தோன்றாது. வீட்டிலேயே செய்துகொள்கிறேன் என்று வந்துவிட்டேன்.

மார்ச் 7, சனி

காலிப் பூந்தொட்டியைச் சுத்தியலால் ஒரு தட்டு. நேர்பாதியாக வரும் என்று கணக்கு. பதினொரு துண்டுகள். பேப்பருக்குப் பின்னாலிருந்து என் வீட்டுக்காரர், "எத்தனை மீனுக்கு வீடு கட்றே?" என்றார்.

அடுத்த பூந்தொட்டி பாதியாக உடைந்தது. விளிம்பை உப்புத்தாளால் தேய்த்தேன். கிருமி போகட்டும் என்று வெந்நீரில் போட்டேன்; குக்கருக்குப் பக்கத்து அடுப்பில் அது கொதித்துக்கொண்டிருந்தபோது சிரிப்பு வந்துவிட்டது. நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

மார்ச் 8

குட்டி உள்ளே போயிற்று. ரௌடி வாசலில் வந்து நின்றுகொண்டது. மூன்று மணி நேரம்.

கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"எத்தனை வாசல் வச்சீங்க?"

"ஒண்ணு. பின்பக்கம் பாதுகாப்பா இருக்கட்டும்னு கல்லு வச்சு அடைச்சுட்டேன்."

"அப்ப அது வீடில்ல மேடம், ஜெயில்."

பதினெட்டு வருடமாகப் புள்ளியியல் பாடம் எடுக்கிறேன். இரண்டாவது வாசல் தோன்றவில்லை.

மார்ச் 10

குளியலறை வேலையில் மிஞ்சிய பிளாஸ்டிக் குழாயை மூன்றாக அறுத்தேன். இரண்டு பக்கமும் திறப்பு. உருளாமல் இருக்க அண்டைக்கல் வேண்டும் என்றேன். அவர் நகைக்கடையில் உட்கார்ந்தவர் மாதிரி கூழாங்கல் பொறுக்கினார். ரௌடிக்கும் ஒரு இடம் இருக்கட்டுமே என்று ஒரு டீ கப்பைப் படுக்கவைத்தேன்.

"அது என் கப்பு."

"கைப்பிடி உடைஞ்சு ஒரு வருஷமாச்சு."

"இருந்தாலும் என் கப்பு."

மார்ச் 14

ரௌடி கப்பில் குடியேறிவிட்டது. போன வாரம் ஒரு மணி நேரத்துக்கு நாற்பத்தொரு விரட்டல். இன்று மூன்று. வரைபடம் போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினேன். ஒரே ஒரு தொட்டியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனாலும் அந்தக் கோடு எவ்வளவு அழகாக இறங்குகிறது.

மார்ச் 19

குட்டியைக் காணோம்.

மார்ச் 21, சனி

மூன்றாவது நாள். பொறுக்க முடியாமல் வீடுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். பூந்தொட்டி, கப்பு, குழாய்கள் எல்லாம் சிங்க் ஓரத்தில். தொட்டியில் ரௌடி மட்டும். உட்கார்ந்துவிட்டேன். அவகிட்ட என்னத்தச் சொல்லுவேன் — ஒரு விரல் நீளம், அதைக்கூடப் பாத்துக்கத் தெரியல எனக்கு —

சமையலறையிலிருந்து அவர், "இங்க வா. உன் குழாய் துள்ளுது."

இரண்டு பக்கமும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு ஓடினேன். இந்த உடம்பு கடைசியாக எப்போது ஓடியது? தண்ணீரில் அமிழ்த்தினேன். குட்டி வெளியே வந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, திரும்ப அதே குழாய்க்குள் போயிற்று. தரை துடைக்கும் துணியோடு பின்னால் வந்தவர் வழுக்கி உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஈரத் தரையில் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மார்ச் 28, சனி

மகள் வந்தாள். பையை இறக்காமலே தொட்டியைப் பார்த்தாள்.

"அம்மா, இதுல மீனே இல்ல."

நான் ஒரு சிட்டிகை தீனி போட்டேன். கப்பிலிருந்து கறுப்பு முகம். குழாயிலிருந்து மஞ்சள். வால் முழுசாக வளர்ந்திருந்தது.

அவள் குனிந்து குழாய்க்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு, "உனக்குத் தொல்லைன்னா கடையிலேயே திருப்பிக் குடுத்துடலாம்மா. அதைச் சொல்லணும்னுதான் நெனச்சுட்டு வந்தேன்" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"என் கப்பை யாரும் எடுக்கக் கூடாது."