மூன்று லட்சம் பேருக்கு இவ்வளவு உயரமா

ஜூன் 3, செவ்வாய்

காலையில் பனிமூட்டம். எதிர்வீட்டுக் கூரையே தெரியவில்லை. குப்பைத் தொட்டியை வெளியே இழுத்து வைத்தேன். பிறகு அப்பளப் பாக்கெட்டில் இருந்த அத்தனையையும் இரண்டு முறை படித்தேன். எழுபது வயதில் எழுத்து வந்திருக்கிறது. என்ன சுகம்!

மாப்பிள்ளை என்று ஒவ்வொரு முறையும் எழுதக் கை வலிக்கிறது. இனி மா. மகள் செல்வி, செ.

மாலை. கராஜுக்குள் மா. போனில் பேசிக்கொண்டிருந்தார். "நாங்க மூணு பேர்தான்" என்றது காதில் விழுந்தது. யாரிடம் சொன்னார், எதற்கு? மா., செ., பேத்தி நிலா, நான். எப்படி எண்ணினாலும் நாலு.

ஜூன் 5, வியாழன்

குளிர். மெல்பனில் ஜூன்தான் குளிர்காலம். காலுறைமேல் காலுறை. இரண்டு நாளாக மா. என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. வேலை அதிகமாக இருக்கும்.

ஜூன் 6, வெள்ளி

கோஸ் பொரியல், ரசம். மாலையில் பக்கத்து வீட்டு சிவம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். எனக்கு எழுத்துச் சொல்லித் தந்தது அவர் மனைவி. டி.வி.யில் மா.வும் சிவமும் ஆடும் வழக்கமான விளையாட்டு. ஏதோ ஒரு ஊரின் கட்டிடங்கள் வானத்தை முட்டி நிற்கும் படம் வரும், பெயர் வராது. அங்கே எத்தனை பேர் என்று சொல்ல வேண்டும்.

ஒரு படம். ஆறுகள் கூடுகிற இடம், மஞ்சள் பாலங்கள். பின்னால் கோபுரங்கள் நெருக்கியடித்துக்கொண்டு. ஒன்று கன்னங்கறுப்பு, ஒன்று கண்ணாடியில் கோட்டை கட்டியது மாதிரி. மெல்பனை நினைத்துச் சொன்னேன்: "ஐம்பது லட்சம்."

"மாமா, மூணு லட்சம்!" என்றார் மா.

சிவம் தொடையில் தட்டிச் சிரித்தார். "அண்ணை எங்கட மெல்பனையே தூக்கிக் கொண்டுபோய் அங்க வைச்சிட்டார்!"

"தாத்தா, ஸோ ராங்!" இது நிலா.

நானும் சிரித்தேன். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் என்ற ஊராம். மூன்று லட்சம் பேருக்கு இவ்வளவு உயரமா?

மா. படத்தை மாற்றவேயில்லை. "புது ஆபீஸ் அந்தக் கறுப்புக் கட்டிடத்துலதான்" என்றார் சிவத்திடம், மெதுவாக. சமையலறையிலிருந்து செ.: "படத்தை மாத்துங்க முதல்ல." குரல் சரியில்லை.

ரசத்தை மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போனேன்.

ஜூன் 7, சனி

வெயில், ஆனால் காற்று. சிவத்தோடு கடற்கரைப் பக்கம் நடை. தண்ணீருக்கு அப்பால் மெல்பன் கட்டிடங்கள், சீப்பின் பல் மாதிரி.

சிவத்திடம் கேட்டேன். அத்தனை மாடிக்கு மூன்று லட்சம் பேர் எப்படிப் போதும்? சாயங்காலம் விளக்குப் போட ஆள் உண்டா? செல்வி அங்கே போனால் ஒரு பேச்சுக் குரலுக்காக மாடி மாடியாக அலைய வேண்டாமா?

"அப்பிடி இல்லை அண்ணை. அவங்கள் நகர எல்லைக்குள்ள இருக்கிற ஆக்களை மட்டும்தான் எண்ணுறவங்கள். சுத்திவர இன்னும் எத்தனையோ லட்சம் பேர் இருக்கினம், அந்தக் கட்டிடங்களுக்குத்தான் வேலைக்கு வருகினம். இஞ்ச அப்பிடியே? வெரிபீ, பொயிண்ட் குக் மாதிரிப் புறநகர்கள், உங்களையும் என்னையும் சேர்த்து மெல்பன் எண்டுதான் எண்ணுறது."

"அப்போ எல்லைக்கு வெளியே இருக்கிறவன் ஆள் இல்லையா?"

"ஓம், ஆள்தான். கணக்கில இல்லை, அவ்வளவுதான்."

"என்ன அண்ணை, முகம் ஒரு மாதிரி?" என்றார். குளிர் என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

துணி மடிக்கும்போது செ.யிடம் நேராகக் கேட்டுவிட்டேன். அவளும் மறைக்கவில்லை. மா.வுக்குப் பிட்ஸ்பர்க்கில் வேலை வந்திருக்கிறதாம். கம்பெனி விசா எடுப்பது புருஷன், பெண்டாட்டி, பிள்ளை, மூன்று பேருக்குத்தான்.

"நீங்க விசிட்டர்ல வரலாம்ப்பா. வந்துட்டுத் திரும்பிடணும்."

"திரும்பி எங்கம்மா?"

கரூர் வீட்டை விற்றாயிற்று. இவள் அம்மாவும் இல்லை. செ. ஒரே துண்டை மறுபடி மறுபடி மடித்தாள்.

"உனக்குப் போகணுமா?"

"தினம் மல்கிரேவ் ஆஸ்பத்திரிக்குக் கார்ல போய் வர்றதுலயே என் உசுரு போகுது. அங்கன்னா வீட்டுப் பக்கத்துலயே வேலை கிடைக்கும்னு சொல்றாங்கப்பா."

போக வேண்டும் என்றுதானே அர்த்தம். செவ்வாய்க்குள் மா. பதில் எழுத வேண்டுமாம்.

ஜூன் 9, திங்கள்

அரசர் பிறந்த நாள் விடுமுறை. மழை. எல்லோரும் வீட்டில்.

குளியலறையில் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்: நீங்க நல்லபடியா போங்க, நான் எப்படியாவது இருந்துக்குவேன். நன்றாகத்தான் வந்தது. சாப்பிட உட்கார்ந்ததும் வாய் வேறு ஒன்றைச் சொல்லிவிட்டது.

"எனக்குப் பயமா இருக்கு மாப்பிள்ளை. ஊர்ல தனியா இருக்க என்னால முடியாது."

யாரும் சோற்றில் கை வைக்கவில்லை. நிலா மட்டும், "கேன் ஐ ஹேவ் ஊறுகாய்?" மா. எடுத்துக் கொடுத்தார். என்னைப் பார்க்கவில்லை.

பயம். இந்தச் சொல்லை இன்றுதான் முதல் முறையாக எழுதுகிறேன். அழகாகத்தான் வந்திருக்கிறது.

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லாமல் இருந்திருந்தால்?

ஜூன் 10, செவ்வாய்

மழை விட்டது. பகல் முழுக்க ஒரு வரியும் ஓடவில்லை. மதியம் பழைய ரசம்.

மா. சீக்கிரம் வந்துவிட்டார். வாசலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றியபடி, "எழுதிட்டேன் மாமா" என்றார்.

"என்னன்னு?"

"வரலைன்னு."

ஷூவை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார். சந்தோஷம்தான். சந்தோஷம் என்று எழுதவும் கை வரவில்லை.

செ. சமையலறையில். அரிசி கழுவப் போனாள். குழாய் ஓடிக்கொண்டே இருக்கிறது. அழுகிறாளா? எழுந்து போய்க் கேட்க வேண்டும். இதை முடித்துவிட்டுப் போகிறேன். குழாயை இன்னும் மூடவில்லை