சிவப்புப் பூட்டின் சாவி

ஜூன் 9, திங்கள்

காற்று. வெறும் காற்று. சாரல் எல்லாம் குற்றாலத்துக்கும் தென்காசிக்கும். சங்கரன்கோவிலுக்கு மண்ணும் கிழிந்த போஸ்டரும். துணி காய்ந்தது. என் தலைமுடி காடானது.

இன்றைய சாதனை: எங்கள் ஹார்டுவேர் கடை போர்டில் 'பெயின்ட் கிடைக்கும்' என்பதற்குக் கீழே சாக்பீஸால் 'அடியும் கிடைக்கும்'. அப்பா மதியம் வரை பார்க்கவில்லை. பார்த்தார். கிடைத்தது.

செய்ய வேண்டியவை: கெமிஸ்ட்ரி ரெக்கார்ட். தோழி ஜெனியின் குடையைத் திருப்பித் தருவது. நகம்.

அக்கா லீவில் வந்திருக்கிறாள், புதன் காலை வரை. கொல்கத்தாவில் தரைக்கடியில் ஓடுகிற ரயிலுக்குத் தண்டவாளத்தையும் சிக்னலையும் மாற்றுகிறார்கள். அந்த வேலையை எடுத்திருக்கிற கம்பெனியில் சிக்னல் இன்ஜினியர். தெருவில் யார் கேட்டாலும் அம்மா, "கோமதி பாதாளத்துல இருக்கா" என்கிறாள். போய்ச் சேர்ந்தவளைப் பற்றிச் சொல்வது போல.

சாப்பிடும்போது அக்கா விளக்கினாள். அப்பளத்தை வண்டியாக வைத்து.

"இப்ப ஓரத்துல நிக்குற வெளக்கப் பாத்து ஓட்டுதாங்க. இனி வெளக்கே கெடையாது. வண்டி தான் எங்கன இருக்கேன்னு ரேடியோல சொல்லும். கம்ப்யூட்டர் கேட்டுட்டு, நீ போ, நீ நில்லுன்னு உத்தரவு போடும்."

"அப்போ அம்மா மாதிரி" என்றேன்.

"ஏட்டி பேச்சி, சோத்தத் தின்னு" என்றாள் அம்மா.

"பாத்தியா, உத்தரவு."

வருகிற ஞாயிறு எல்லா வண்டியையும் நிறுத்திவிட்டு, ஒரே நாளில் பழைய சிக்னலிலிருந்து புதியதற்கு மாற்றுகிறார்கள். சுரங்கத்தில் ஒரு துண்டு அக்கா பொறுப்பு. முதல் முறையாக. அதைச் சொல்லும்போது அப்பளத்தை நொறுக்கிவிட்டாள். சேர்ந்த நாளிலிருந்து இந்த ஒரு நாளுக்காகத்தான் அங்கே கிடக்கிறாள். போனில் வேறு பேச்சே கிடையாது.

அவள் கழுத்தில் கறுப்புக் கயிறு. தாயத்து என்று நினைத்தேன். சாவி! சுரங்கத்தில் இறங்கும் முன் தண்டவாளத்துக்கு வருகிற கரண்டை ஆஃப் செய்து, அந்தச் சுவிட்ச் பெட்டியில் ஆளுக்கொரு சிவப்புப் பூட்டு மாட்டிவிட்டுத்தான் போக வேண்டுமாம். வெளியே வந்ததும் அவரவர் பூட்டை அவரவரே எடுக்க வேண்டும். ஒரே ஒரு பூட்டு தொங்கினாலும் கரண்ட் வராது. உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். வேலை இல்லாத நாளில் பூட்டு அங்கே ஆபீஸ் பலகையில் பூட்டியபடி, அக்கா போட்டோவோடு தொங்கும். சாவி அக்காவோடு.

அப்பாவுக்குத் தொழில் ஆர்வம் வந்துவிட்டது. "ரெண்டாவது சாவி யார்ட்ட இருக்கு?"

"கெடையாதுப்பா."

"ரெண்டு சாவி இல்லாம எவன் பூட்டு விக்கான்?"

"ரெண்டாவது இருந்தா வேற எவனாச்சும் தொறந்துருவாம்லா. நான் உள்ள இருப்பேன்."

அப்பா ரசத்தை ஊற்றிக்கொண்டார். பிசைந்துகொண்டே, "நல்ல பூட்டுதான்."

டி.வி. பார்க்கும்போது, போன் பேசும்போது, சும்மா இருக்கும்போது, அக்கா கை போய்ப் போய் அந்தச் சாவியைத் தொடுகிறது. அதைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கை அரிக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

காற்று. ரெக்கார்ட் எழுதவில்லை. நகம் வெட்டினேன் (பாதி).

மா.தி. (மாபெரும் திட்டம்) வெற்றி! அக்கா குளிக்கப் போகும்போது சாவியைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறாள். கடைக்கு ஓடி, ஷோகேஸில் இருந்த புதுப் பூட்டு ஒன்றின் பாக்கெட்டைத் திறந்தேன். அதே பித்தளை, அதே நீளம், உள்ளே இரண்டு சாவி. ஒன்றைக் கயிற்றில் கோத்தேன். அக்கா சாவியை அந்தப் பூட்டுப் பாக்கெட்டில் போட்டேன், அப்பா எண்ணிப் பார்த்தாலும் இரண்டு இருக்கட்டும் என்று.

குளித்து வந்தாள், மாட்டினாள், தொட்டாள். தெரியவில்லை! சிரிப்பை அடக்க அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

நாளை பஸ் ஸ்டாண்டில், பஸ்ஸில் கால் வைக்கும் நேரம், "இது யார் சாவி?" என்று ஆட்டிக் காட்ட வேண்டும். வீடியோ எடுக்க ஜெனியை வரச் சொல்லியாயிற்று.

ஜூன் 11, புதன்

காலையில் கடை. பாக்கெட் இல்லை. அப்பாவிடம் கேட்டேன்.

"அதா? கனகராஜ் அண்ணாச்சி வந்தாரு. கரிவலத்துக்காரரு. மோட்டார் ரூமுக்குப் பூட்டு கேட்டாரு, குடுத்தேன். ஏன், உனக்கு என்ன?"

"சும்மாப்பா."

பஸ் ஸ்டாண்ட். மதுரை பஸ், அங்கிருந்து விமானம். ஜெனி போனைத் தூக்கிப் பிடித்தபடி எதிரே நிற்கிறாள். நான் அவளிடம் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டுகிறேன். அவளுக்குப் புரியவில்லை, நல்ல கோணத்துக்கு நகருகிறாள்.

"என்னட்டி, வாயத் தொறக்க மாட்டேங்க? காய்ச்சலா?" அக்கா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "சனிக்கெழம காலைல இருந்து ஒத்திகை. ஞாயித்துக்கெழம முடியுத வரைக்கும் போன் எடுக்க மாட்டேன். அம்மாட்ட சொல்லிரு."

"ம்."

"எனக்காக வேண்டிக்கட்டி."

சொல்லியபடி கயிற்றைத் தொட்டாள். அதில் தொங்குவது கனகராஜ் அண்ணாச்சியின் மோட்டார் ரூம் சாவி.

ஏன் சொல்லவில்லை:
– பஸ் ஹார்ன்.
– அம்மா பக்கத்தில்.
– நல்ல சாவி கையில் இல்லை. வெறுங்கையை ஆட்டி என்ன சொல்வது?
– பயம்.

கடைசியை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

தூக்கமில்லை. பிசிக்ஸ் மிஸ் மின்சுற்று நடத்தினார். "சுவிட்ச் திறந்திருந்தால் என்ன ஆகும்?" என்று என்னைத்தான் கேட்டார். "அக்கா உள்ளே போவாள்" என்று சொல்லியிருப்பேன், நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

இடைவேளையில் ஜெனி: "போன் போட்டுச் சொல்லிரு. இப்பவே. வேற பூட்டு வாங்கிக்கிடுவாங்கள்லா?"

"சாவிய மொதல்ல கைல வாங்கிருதேன். அப்புறம் சொல்லுதேன்."

"ஒளறாதட்டி."

"வெறுங்கையோட சொன்னா என் வண்டவாளம் தண்டவாளத்துல ஏறிரும்."

"ஏறத்தான் போவுது. இன்னைக்கு ஏறுனா டிக்கெட் கம்மி."

என்னிடமிருந்தே கற்றுக்கொண்டு என்னையே கடிக்கிறாள்.

அக்கா சாயந்தரம் அம்மாவிடம் பேசினாள். மீட்டிங் மேல் மீட்டிங்காம். புதுத் தண்டவாளம் ஒரு பகுதியில் போட்டு முடித்துவிட்டார்களாம், வண்டி சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறதாம். "இந்தா, பேச்சிட்ட பேசு" என்று அம்மா போனை நீட்டினாள். கக்கூஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஜூன் 13, வெள்ளி

பள்ளி விட்டதும் கரிவலம்வந்தநல்லூர் பஸ். அம்மாவிடம் ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய். பஸ்ஸில் ஒரு பெரியம்மா மடியில் கோழி. அது என்னை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தது. அதற்கும் தெரிந்துவிட்டது போல.

கனகராஜ் அண்ணாச்சி வயலில் மடை திருப்பிக்கொண்டு நின்றார். அப்பா பேரைச் சொன்னதும் மண்வெட்டியை ஊன்றிவிட்டார்.

"வாட்டி, வா! உங்கப்பன் குடுத்த பூட்டுல ஒரு சாவிதான் சேருது. இன்னொண்ணு நொழையவே மாட்டேங்கு. யாவாரமா பண்ணுதான் அவன்?"

"அண்ணாச்சி, அந்த நொழையாத சாவிதான் வேணும். அது எங்கக்காளுது."

"சரி. அப்போ என் சாவி எங்க?"

"கொல்கத்தால."

அவர் வேட்டியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். முழுக்கதையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"கரண்டுல வெளையாடுனியா?"

"இல்ல அண்ணாச்சி, கரண்ட ஆஃப் பண்ணிட்டுத்தான்..."

"போன வருசம் நான் கெணத்துக்குள்ள மோட்டார்ல கை வச்சுட்டு இருக்கேன், மேல என் மவன் தெரியாம சுவிச்சப் போட்டுட்டான். இந்தக் கை இன்னும் சரியா மடங்காது. அதுக்குத்தான் மோட்டார் ரூமுக்குப் பூட்டே வாங்குனேன். நான் எறங்குனா பூட்டிட்டு, சாவிய இடுப்புல சொருவிக்கிடுவேன்."

விரல்களை மடக்கிக் காட்டினார். இரண்டு பாதியிலேயே நின்றன.

கதவு இடுக்கில் செருகியிருந்த சாவியை எடுத்துக் கொடுத்தார். "கொண்டு போ. உங்கக்காட்ட சொல்லு, என் மோட்டார் ரூம் சாவி ஒண்ணு அங்கன கெடக்கு, பத்திரம்னு. அப்பன்ட்ட இன்னைக்கே சொல்லிரணும், என்ன?"

வீட்டுக்கு வர இருட்டிவிட்டது. அப்பாவிடம் சொல்லவில்லை. அக்காவுக்குப் போன் போடப் போனேன். நாளைக் காலை கூரியரில் போட்டுவிட்டு, "அனுப்பிவிட்டேன்" என்றே சொல்லலாம் என்று வைத்துவிட்டேன்.

சாவி தலையணைக்கடியில். குத்துகிறது. நகர்த்தினாலும் குத்துகிறது.

ஜூன் 14, சனி

கூரியர் கடை.

"கொல்கத்தாவா? திங்க, செவ்வா ஆயிரும் பாப்பா."

"நாளைக்கே வேணும்."

"நீயே ரயில்ல கொண்டு போனாலும் நாளைக்குப் போவாது."

சாவி கைக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இரண்டு நாளாக ஓடியிருக்கிறேன். சாவி வந்தது. பூட்டு அங்கே தொங்குகிறது. நான் ஒரு கழுதை. கழுதைகூட நேராகப் போகும்.

அக்காவுக்குப் போன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது. சனிக்கிழமை காலையிலிருந்து எடுக்க மாட்டேன் என்று என் முகத்துக்கு நேரே சொன்னாள், நான் "ம்" போட்டேன். வியாழன் பேசியிருக்கலாம். நேற்றுப் பேசியிருக்கலாம். குரல் பதிவு அனுப்பினேன். நீளமாக ஒன்று. அழுது ஒன்று. வெறும் "அக்கா" என்று ஒன்று. எல்லாவற்றுக்கும் ஒற்றை டிக்.

மாலை அப்பாவிடம் சொன்னேன். பெயின்ட் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். கை ஓங்குவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"அவ கம்பெனி நம்பர் ஏதும் இருக்கா?"

"தெரியாதுப்பா."

"எனக்கும் தெரியாது. பிள்ள எங்கன வேல பாக்கான்னு ஒரு நம்பர்கூட வாங்கி வைக்கல பாரு."

அடி கிடைக்கவில்லை. போர்டில் எழுதியதை ஈரத் துணியால் துடைத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

அம்மா விடிந்ததும் கோவிலுக்குப் போய்விட்டு வந்து, எல்லோர் நெற்றியிலும் புற்றுமண் பூசினாள். அவளிடம் நாங்கள் சொல்லவில்லை. "என்ன, அப்பனும் மவளும் எழவு வீட்டுல இருக்கிற மாதிரி இருக்கிய? பிள்ளைக்கு இன்னைக்கு நல்ல நாளு!"

செய்தவை: ரெக்கார்ட் (தப்புப் பக்கத்தில்). இட்லி ஒன்று. மாடி ஏறி இறங்கியது, கணக்கில்லை. மாடியில் கொடிக் கயிறு காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது, சட் சட் சட். கழற்றிப் போட்டேன். சத்தம் நின்றது, காதில் நிற்கவில்லை.

அந்தப் பலகை முன்னால் எல்லோரும் அவரவர் பூட்டைத் திறந்து எடுக்கிறார்கள். அக்கா சாவியை நுழைக்கிறாள். இதையே திரும்பத் திரும்ப. வேறொன்றும் தோன்றமாட்டேன் என்கிறது.

ஒற்றை டிக்.

ஜூன் 16, திங்கள்

காலை, யூனிபார்ம் மாட்டும்போது போன். அக்கா.

"திரும்பலட்டி. எல்லாரும் எடுத்துட்டாங்க. எனக்கு மட்டும் திரும்பல."

"அக்கா..."

"கூட வேல பாக்குற பையன் தன் பூட்டத் தாரேன்னான். வாங்கக் கூடாது. அவன் பூட்ட மாட்டிட்டு நான் போனா, உள்ள இருக்கிறது யாருன்னு எப்படித் தெரியும்? புதுப் பூட்டு எழுதிக் குடுக்கிற ஆபீசர் ஞாயித்துக்கெழம வரல. என் துண்ட வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க."

"நீ?"

"மேல பிளாட்பாரத்துல நின்னேன். ஆளுக்கு டீ எடுத்துக் குடுத்தேன். சாயந்தரம் சோதன வண்டி வந்துச்சு. வெளக்கே இல்ல, இருட்டுக்குள்ள இருந்து வருது. நிக்கச் சொன்ன எடத்துல அப்படியே வந்து நின்னுச்சு பேச்சி. எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் தட்டுனேன்."

நான் அழுதேன். அவள் அழவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"யாரு மாத்துனான்னு கேட்டாங்க. கழுத்துல கெடந்தது எஞ்சாவி, நாந்தான் பாத்துருக்கணும்னு சொல்லிட்டேன். உன் மெசேஜ் எல்லாம் அப்புறந்தான் கேட்டேன். வியாழக்கெழம என்னட்டி பண்ணுன, கக்கூஸ்ல?"

யூனிபார்ம் பட்டனைத் தப்பு ஓட்டையில் மாட்டினேன்.

"பூட்ட வெட்டிப் போட்டாங்க. அந்தச் சாவி இனி ஒண்ணுக்கும் ஆவாது. கழுத்துல போட்டுக்க. நான் வந்து கழட்டுத வரைக்கும் கழட்டக் கூடாது."

"எப்ப வருவ?"

வைத்துவிட்டாள்.

ஜூன் 18, புதன்

காற்று. கெமிஸ்ட்ரி டெஸ்ட் தள்ளிப்போனது. குடையைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு கம்பி போச்சு என்று ஜெனி சண்டை.

சாவி சட்டைக்குள். வகுப்பில் இருக்கும்போது, பஸ் ஏறும்போது, கை தானாகப் போகிறது.

சாயந்தரம் கடை. கனகராஜ் அண்ணாச்சி வந்தார், கடை முழுக்கக் கேட்கிற மாதிரி: "என்ன வே, என் சாவி கொல்கத்தால இருந்து கெளம்பிட்டா, இல்ல அங்கனயே வேலைக்குச் சேந்துட்டா?"

அப்பா சிரித்து, புதுப் பூட்டு ஒன்றை எடுத்து, இரண்டு சாவியையும் அவர் முன்னாலேயே போட்டுத் திறந்து காட்டிக் கொடுத்தார்.

சட்டைக்கு வெளியே வந்து தொங்கிய சாவியை அண்ணாச்சி பார்த்தார். "இது எந்தப் பூட்டுக்கு மக்கா?"

வாயில் நாலு பதில் வந்தது. நாலும் நல்ல பதில். தராசை எடுத்து, அவர் கேட்ட அரைக் கிலோ ஆணியை நிறுத்துக் கொடுத்தேன்.