அம்மாவின் ஆவரசம்பூ

சிவமயம்

உரும்பிராய்,
18.03.1993

அன்பு மகள் கமலாவதிக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மருமகனும் சின்னவளும் அந்தக் குளிருக்குள் நோய் நொடியில்லாமல் இருக்கவேண்டும் என்று காலையும் மாலையும் பிள்ளையாரைக் கேட்டுக்கொள்கிறேன். எங்களைப் பற்றி எழுதுவதானால், இருக்கிறோம் என்று எழுதலாம். சுகமாக இருக்கிறோம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. ஏன் என்பதைக் கீழே விபரமாக எழுதுகிறேன். முழுவதையும் வாசி, பாதியில் அழத் தொடங்காதே.

நீ தை மாதம் போட்ட கடிதம் போன கிழமைதான் வந்து சேர்ந்தது. உள்ளே சின்னவள் வைத்து அனுப்பிய மஞ்சள் பூ காய்ந்து தட்டையாக, ஆனால் நிறம் மாறாமல் இருந்தது. நோர்வேயில் கோடையில் புல்வெளி முழுக்க இதுதான் பூக்குமாம், அம்மப்பா இது எந்த நோய்க்கு மருந்து என்று கேட்டிருக்கிறாள். எனக்கு அதன் பெயர் தெரியவில்லை என்று அவளிடம் சொல். ஆனால் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன், அது ஒரு பூ அல்ல, நூறு சிறு பூக்கள் ஒரு காம்பில் நெருக்கிக்கொண்டு இருப்பது. எங்கள் தரவைப் புல்வெளியில் நீ மூக்கில் ஒட்டிக்கொண்டு மூக்குத்தி என்று விளையாடுவாயே ஒரு சின்னப் பூ, அதுவும் அந்தச் சாதிதான். நீ கிணற்றுக்கட்டில் விழுந்து முழங்கால் உடைத்த அன்று அதன் இலையைத்தான் கசக்கிப் பிழிந்து இரத்தத்தை நிறுத்தினேன். அங்கேயும் வயதுபோனவர்கள் இந்தப் பூவுக்கு ஏதாவது உபயோகம் வைத்திருப்பார்கள், கேட்டு எழுதச் சொல். அம்மா அதைச் சாமிப்படத்தடியில் வைத்திருக்கிறாள்.

இப்போது எங்கள் தரவைதான் ஊருக்குப் பாமசி. அரசாங்கம் மருந்துக்கும் தடை போட்டிருப்பதால் மருந்துக்கடை அலுமாரிகள் வெறுமையாகக் கிடக்கின்றன. பிள்ளைகளுக்குச் சளி என்றால் தும்பைப்பூவைப் பாலில் போட்டுக் காய்ச்சிக் கொடுக்கிறோம். சலம் எரிந்து கடுத்தால் நெருஞ்சியைப் பூவும் காயுமாக வேரோடு பிடுங்கி அவித்த தண்ணீர். பல வருடமாக இழுப்புக்காரரான தபால்காரர் எருக்கலம்பூவை மிளகோடு அரைத்து உருண்டையாக்கி வைத்திருக்கிறார், கேட்டால் கொஞ்சம் குறைவு என்கிறார், மூச்சு வாங்கிக்கொண்டுதான் அதையும் சொல்கிறார். நான் தாவரவியல் படிப்பித்தவன் என்பதால் சனம் என்னிடம் வருகிறது. பக்கத்து வளவுச் சின்னத்தங்கம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அந்த நாளையிலை பிரம்போடை திரிஞ்ச மனுசன், இப்ப பூவோடை திரியுது, உதுக்குப் பென்சன் வேறை" என்று நக்கல் அடிக்கிறாள். அவளுடைய பேரனுக்குத் தும்பைப்பூ வாங்கவும் அவள்தான் முதலாவதாக வந்தவள்.

இனி அம்மாவின் விடயத்துக்கு வருகிறேன். நீ கொழும்புக்கு ஒழுங்கு செய்த இன்சுலின் இரண்டு போத்தலும் மார்கழிக் கடைசியில் வந்து சேர்ந்தன. கிளாலிக் கடலால் வள்ளம் ஓட்டும் அருட்பிரகாசம்தான் சுடுதண்ணிப் போத்தலுக்குள் ஐஸ் போட்டு அதற்குள் வைத்துக் கொண்டுவந்து தந்தவன். அவன் யார் என்றால், எங்கள் முன்னறையில் இருக்கும் மக்டலீனின் தம்பி. மக்டலீன் குருநகர் ஆள், செல் குண்டு விழுந்து வீடு போனபின் மகள் யசிந்தாவோடு இங்கே வந்தவள் என்று முந்தி எழுதியிருந்தேன். கரண்ட் இல்லாதபடியால் மருந்தை மண்பானையில் ஈரமணலுக்குள் புதைத்து, மேலே சாக்கு நனைத்துப் போட்டு, குசினி மூலையில் வைத்தோம். அடுத்த மருந்து எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. அம்மா அந்தப் பானையைப் பார்க்கும்போதெல்லாம் முகம் வாடியதால் நான் ஆவரசம்பூவைக் கையில் எடுத்தேன். நிழலில் காயவைத்துத் தேத்தண்ணி போலப் போட்டுக் கொடுத்தேன். சலரோகத்துக்கு அந்தக் காலத்திலேயே இதைத்தான் கொடுத்தார்கள், இன்சுலினை வெள்ளைக்காரன் நேற்றுத்தான் கண்டுபிடித்தான் என்றெல்லாம் அவளுக்கு வகுப்பெடுத்தேன். அவள் பயப்படக்கூடாது என்பதுதான் என் எண்ணம். பழைய பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் மிஞ்சியிருந்த நீலக் கரைசலை வாங்கிவந்து, சிறுநீரை அதோடு கொதிக்கவைத்துப் பார்ப்பேன். சீனி இல்லையென்றால் நீலமாகவே நிற்கும், கூடக் கூடப் பச்சை, மஞ்சள், கடைசியில் செங்கல் நிறம். தை மாதத்தில் வெறும் பச்சைதான் வந்தது. பார்த்தாயா பூவின் வேலையை என்று அவளுக்குக் குழாயைத் தூக்கிக் காட்டினேன்.

மாசி பிறந்தபின் நிறம் மஞ்சளுக்குப் போய், பிறகு செங்கல்லாகிவிட்டது. அவள் வழமைபோல அறைக்குள் போய்த் தானே ஊசி போட்டுக்கொண்டு வருகிறாள், பானையில் மருந்தும் குறைகிறது, பிறகு எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. பூவில்தான் பிழை என்று நினைத்தேன். வெயில் ஏறியபின் பிடுங்கினதாலோ, பழம் பூவோ என்று எண்ணி விடியமுன் எழும்பிக் கோப்பாய்ப் பக்கத்துத் தரவைவரை போய்ப் பனி காயாத பூவாகப் பார்த்துப் பிடுங்கினேன். ஒருநாள் அம்மாவும் வாறன் என்று கூட வந்தாள். வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் குதிக்காலில் நெருஞ்சிமுள் ஏறியிருந்தது தெரிந்தது. அவளுக்கு வலிக்கவேயில்லை. வலிக்காததுதான் எனக்குப் பயம். இன்றுவரை அந்தப் புண் ஆறவில்லை, வேப்பிலைத் தண்ணீரில் கழுவி மஞ்சளும் குப்பைமேனியும் அரைத்துக் கட்டுகிறேன், ஓரம் கறுத்துக்கொண்டு வருகிறது.

போன கிழமை நான் பூவுக்குப் போன வழியில் பொம்பர் விமானம் சுற்றத் தொடங்க, பாதியில் திரும்பி ஓடிவந்து வளவுக்குள் வெட்டிவைத்த பங்கர் குழிக்குள் இறங்கினேன். அங்கே அம்மா யசிந்தாவின் கையில் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் பானையில் இருந்த போத்தல். அந்தப் பிள்ளைக்குப் பதினான்கு வயது, ஒன்பது வயதிலிருந்து அவளுக்கும் சலரோகம், ஆனால் அது வேறு வகை. உனக்கு விளங்கும்படி சொன்னால், அம்மாவின் கிணறு வற்றிக்கொண்டு போகிறது, வாளி விட்டால் கொஞ்சமாவது தண்ணீர் வரும். அந்தப் பிள்ளையின் கிணற்றில் ஊற்றே இல்லை. கிளினிக்கில் மருந்து முடிந்த நாளிலிருந்து அம்மா தன்னுடையதை அவளுக்குப் போட்டுவந்திருக்கிறாள், அறைக்குள் போய் வெறுங்கையோடு திரும்பி என்னை ஏமாற்றிக்கொண்டு. மேலே குண்டு விழுகிற சத்தம், அவள் ஊசியைத் துடைத்துக்கொண்டே, "என்னப்பா உப்பிடிப் பாக்கிறியள், எனக்குத்தானே உங்கடை பூ கிடக்கு. உந்தப் பிள்ளைக்கு என்ன கிடக்கு, சொல்லுங்கோ" என்றாள். பூவைப் பற்றிப் படிப்பித்தவனே நான்தானே.

மக்டலீன் என் காலடியில் இருந்துவிட்டாள். "மாஸ்டர், மாதாவாணை எனக்குத் தெரியாது. கிளினிக்காலை வந்த மருந்தெண்டு அக்கா சொன்னவ" என்று அழுதாள். அன்றே அந்தப் பிள்ளையும் இனி ஊசி வேண்டாம் என்று கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது. அம்மா ஏசினாள், கெஞ்சினாள், மசியவில்லை. நான் மட்டும் பிள்ளையை வற்புறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால், பிள்ளை வேண்டாம் என்றது எனக்கு உள்ளுக்குள் ஆறுதலாக இருந்தது. அடுத்த நாள் பின்னேரம் யசிந்தா வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்தாள், மூச்சு பழுத்த பழம்போல மணத்தது. அது இன்சுலின் இல்லாமல் உயிர் போகப்போகிற மணம் என்று எனக்குத் தெரியும். அம்மா புண் காலோடு எழும்ப முயன்றாள். அவளை இருக்கச்சொல்லிவிட்டு நானே குசினிக்குப் போய் மணலைக் கிளறிப் போத்தலை எடுத்துவந்து கொடுத்தேன். விடியப் பிள்ளை கண் விழித்து, பசிக்குது மாஸ்டர் என்றாள். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள், நீ பரீட்சை பாஸானபோது சிரித்த மாதிரி.

இப்போது இரண்டாவது போத்தலும் அடியில் நிற்கிறது. டொக்டர் அம்மாவின் காலைப் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டு, "மாஸ்டர், சீனி இறங்காட்டி காலை நான் பொறுப்பெடுக்கேலாது" என்றார். நான் ஆவரசம்பூவைக் குறை சொல்லவில்லை மகள், அது தன்னால் ஏலுமானதைச் செய்கிறது. அதனால் ஏலாததை அதன் தலையில் ஏற்றியது நான்தான். ஆனாலும் காலையில் தரவைக்குப் போவதை நிறுத்தவில்லை, வேறு என்ன செய்வது என்று தெரியாமல்தான் போகிறேன். அம்மா ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, இன்றைக்குக் கால் கொஞ்சம் சுகம் என்கிறாள். எனக்காகத்தான் அப்படிச் சொல்கிறாள். நானும் தலையாட்டுகிறேன். குழாயைக் கொதிக்கவைப்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

அம்மாவோடு கோபித்து எழுதாதே, உன் கடிதத்தை அவளும் வாசிப்பாள். யசிந்தாவைப் பற்றியும் மனத்தில் ஒன்றும் வைக்காதே, அது நல்ல பிள்ளை, அம்மாவின் காலை இப்போது கழுவித் துடைத்துவிடுவது அதுதான். வருடப்பிறப்பன்று தலையில் வைத்து முழுகும் மருத்துநீருக்கு விஷ்ணுகிராந்தி வேண்டுமென்று கோயில் ஐயர் கேட்டிருக்கிறார், அந்த நீலப் பூவைத் தேடித் தானும் வருவதாக யசிந்தா சொல்கிறாள், மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரப் பிள்ளைக்கு மருத்துநீரில் என்ன வேலை என்று சின்னத்தங்கம் கேட்க, தலை முழுகப் பஞ்சாங்கம் வேணுமோ ஆச்சி என்று திருப்பிக் கேட்டாளாம். அருட்பிரகாசம் நாளைக்கு மறுகரைக்குப் போகிறான், இதை அவனிடம்தான் கொடுத்துவிடுகிறேன். கடல் விட்டால் சித்திரைக்குள் உனக்குக் கிடைக்கலாம்.

மருமகனுக்கும் சின்னவளுக்கும் எங்கள் அன்பும் ஆசீர்வாதமும். காதைமூடித் தொப்பி போடாமல் வெளியே போகாதே, உனக்குச் சின்னனிலிருந்தே பீனிசம், மூக்கடைப்பு. நீங்கள் எல்லோரும் நீண்ட ஆயுளோடு, ஒருவருக்கொருவர் துணையாக வாழவேண்டும். கடைசியாக ஒன்று, இதை மறந்துவிடாதே. மருந்து அனுப்ப வழி கிடைத்தால் இரண்டு பேருக்கு அனுப்பு. ஒருவருக்குத்தான் ஏலும் என்றாலும் அனுப்பு. ஆனால் அது அம்மாவுக்கு என்று எண்ணி அனுப்பாதே மகள்.

என்றும் உன் நினைவாக இருக்கும்
அப்பா,
ப. பரமலிங்கம்